கணினிக்குள் தமிழ் குடியேறிய வரலாறு

சிங்கப்பூருக்கும் நம் தோட்டங்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. தமிழர் 'பூமலை' என்றழைக்கும் தாவரத் தோட்டத்தில் அவை வளர்க்கப்பட்டன. 1888 முதல் அத்தோட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தாமல் மேற்பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். நம் முன்னோர் விடியற்காலையில் கையில் எடுத்த கத்தியின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே சிங்கப்பூரில் வேறொரு முயற்சி தொடங்கியது. தமிழ் எழுத்தைக் கணினிக்குள் குடியேற்றி, உலகத்தின் எந்த மூலையிலும் அது சிதையாமல் போய்ச் சேரும்படி செய்யும் முயற்சி அது. அந்த வரலாற்றை இன்று காண்போம். மென்பொருள் கட்டமைப்பு என்று அறிஞர்கள் சொல்லும் கலையின் அடிப்படைகளையும் அதன் வழியாகவே தெரிந்துகொள்ளலாம்.

முதலில், மென்பொருள் என்றால் என்ன? கணினி என்பது இயந்திரம். அது இன்னது செய்ய வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். ஒருவர் தமக்காக எழுதிக்கொள்ளும் சிறிய மென்பொருளுக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதி, கோடிக்கணக்கானோர் பயன்படுத்துவதென்றால், எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்வது, ஒரு பகுதி மற்றொன்றோடு எந்த இடத்தில் இணைவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானங்களே அதன் கட்டமைப்பு.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. ரப்பர்த் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மரம் சீவுகிறவர் மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டு வருகிறார். கிராணி நிறுத்துக் கணக்கில் எழுதுகிறார். பிறகு பால் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே பாலை எப்படி உறைய வைக்கிறார்கள், எத்தனை நாள் புகையூட்டுகிறார்கள் என்பது மரம் சீவுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் எந்தக் கத்தியால் சீவினார் என்பது தொழிற்சாலைக்குத் தெரிய வேண்டியதில்லை. இருவரும் சந்திக்கும் இடம் தராசு. அங்கே அளவும் தரமும் எல்லாரும் ஒப்புக்கொண்டவையாக இருந்தால் போதும். தொழிற்சாலையில் புது இயந்திரம் வைத்தாலும் மரம் சீவுகிறவரின் வேலை மாறாது. கத்தி மாறினாலும் தொழிற்சாலை நிற்காது. தராசைப் பற்றி உடன்பாடு இல்லாவிட்டாலோ தோட்டமே சண்டைக்களமாகிவிடும்.

கட்டமைப்பின் முதற்பாடம் இதுதான்: வேலைகளைப் பிரித்து வை, பிரித்தவை சேரும் இடத்தில் உடன்பாடு செய்துகொள்.

கணினி அறிஞர்கள் இந்தப் பாடத்தைத் துன்பப்பட்டே கற்றார்கள். 1960களில் மென்பொருள்கள் பெருகப் பெருக, ஓரிடத்தில் திருத்தினால் வேறிடத்தில் கெட்டுப்போகும் நிலை வந்தது. 1968ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் ஊரில் வல்லுநர்கள் கூடி இந்த நெருக்கடியை ஆராய்ந்தார்கள். அதே ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, மென்பொருளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாகக் கட்டும் முறையை விளக்கினார். 1972இல் டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர், எது பின்னால் மாறக்கூடுமோ அதைத் தனிப் பகுதியாக்கி உள்ளே மறைத்து வைக்க வேண்டும் என்று எழுதினார். அப்படிச் செய்தால் அந்த மாற்றம் மற்றப் பகுதிகளைத் தாக்காது.

இனி நம் தமிழுக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் 1963இல் தங்களுக்கென ஓர் அட்டவணை வகுத்தார்கள். அதில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் எல்லாம் அதில் அடங்கிவிட்டன. தமிழுக்கோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். அந்த அட்டவணையில் நமக்கு ஓர் இடமும் இல்லை.

அதற்காகத் தமிழர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1980களிலேயே தமிழ் மென்பொருள்கள் வரத் தொடங்கின. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' அவற்றுள் ஒன்று. அவருடைய தந்தை முரசு நெடுமாறன் தமிழாசிரியர், கவிஞர். கேரித் தீவுத் தோட்டப்புறத்தில் வேர்கொண்ட குடும்பம். இவ்வாறே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும், ஐரோப்பா, அமெரிக்கா சென்ற தமிழர்களிடையிலும் பலர் தத்தம் முயற்சியால் தமிழ் எழுத்துருக்களைச் செய்தார்கள்.

எழுத்துரு என்பது எழுத்தின் வடிவம். அந்நாளில் பலர் கையாண்ட வழி எளியது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்துவிடுவார்கள். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் 'அ' இருக்கும். 'கே' இருந்த இடத்தில் 'ம' இருக்கும். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். கணினியின் நினைவிலோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கடிதத்தை அனுப்பினால் அம்மா மறைந்துபோவாள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும்.

எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் எண்களைத் தம் விருப்பப்படி ஒதுக்கினார்கள். ஒருவர் 'க'வுக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் 'ப'வுக்குக் கொடுத்திருப்பார். ஆகவே சென்னையில் தட்டச்சு செய்ததை ஈப்போவில் படிக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் கட்டுரையைச் சிங்கப்பூரில் திறக்க முடியாது. தமிழ் ஒன்றாகவே இருந்தும், கணினிக்குள் அது பல தீவுகளாகிவிட்டது. ஒவ்வொரு தீவிலும் தராசு வேறு, படிக்கல் வேறு.

இதில் திறமைக் குறைவு ஏதும் இல்லை. குறை கட்டமைப்பில் இருந்தது. எழுத்து எது என்று குறிப்பது ஒரு வேலை. அந்த எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டதால், அழகை மாற்றினால் பொருளே மாறிப்போனது.

இந்த இடத்தில் மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கர் 1968இல் வெளியிட்ட ஒரு கருத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் கட்டும் மென்பொருளும் அந்த அமைப்பிலேயே அமையும் என்றார் அவர். பேசிக்கொள்ளாதவர்கள் கட்டினால் பகுதிகளும் ஒன்றோடொன்று பேசா. தனித்தனியே உழைத்த தமிழர்களின் எழுத்துருக்களும் தனித்தனியே நின்றதற்குக் காரணம் அதுதான். ஆகவே மருந்தும் கணினிக்குள் இல்லை. முதலில் மனிதர்கள் ஒன்றுகூட வேண்டும்.

அவர்கள் கூடிய இடம் சிங்கப்பூர். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. சிராங்கூன் சாலையில் நடந்தால் கடைப் பலகைகளில் தமிழ், தேக்கா சந்தையில் தமிழ்ப் பேச்சு, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளேடு இன்றும் வருகிறது. தமிழர் அங்கே சிறுபான்மையினர். எனினும் பள்ளியிலும் அரசு அறிவிப்பிலும் தமிழுக்கு இடம் உண்டு. அந்நாடு கணினிமயமாகத் தொடங்கியபோது எழுந்த கேள்வி இது: காகிதத்தில் இருந்த தமிழின் இடம் கணினியிலும் இருக்குமா, இருக்காதா?

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் 'கணியன்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் கொண்ட இணையத் தொகுப்பு ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே ஏறின. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் அது ஒன்று.

கோவிந்தசாமி தம் முறையே சிறந்தது என்று சொல்லி நின்றுவிடவில்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் அவர் ஒருவர். பல நாடுகளில் தனியே உழைத்தவர்கள் அங்கே முகம் பார்த்துப் பேசினார்கள். பின்னர் மின்னஞ்சல் வழியாகப் பல நாட்டு அன்பர்கள் விவாதித்துத் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தது. 'தமிழ்99' என்னும் விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளும் அதன் பயனாகத் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்தன.

அதே ஆண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி காலமானார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடி, 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் நிறுவப்பட்டது. கூடிப் பேசுவதற்கு நிலையான ஓர் இடம் கிடைத்தது.

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். கடுமையான கருத்து வேறுபாடுகள் இருந்தன. இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் அட்டவணையாக 'யூனிகோடு' 1991இல் வெளிவந்திருந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. ஆயினும் இந்திய மொழிகளுக்கென 1988இல் அமைந்த ஒரு குறியீட்டை ஒட்டியே அப்பகுதி வகுக்கப்பட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்தே உயிர்மெய்யை எழுத வேண்டும். 'கி' என்பது தமிழருக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அதற்கு இரண்டு எண்கள். தமிழ் இலக்கணத்துக்கு இது பொருந்தவில்லை, இடமும் வீணாகிறது என்று பலர் வாதிட்டனர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்ற முறையையும் கூடவே ஏற்றது.

அப்படியிருந்தும் யூனிகோடே நிலைத்தது ஏன்? அது குறையற்றது என்பதனால் அன்று. உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட தராசு அதுவாக இருந்தது என்பதனால்தான். சேரும் இடத்தின் அமைப்பு சற்றுக் குறையுடையதாக இருந்தாலும், அதை எல்லாரும் ஏற்றிருந்தால் வேலை நடக்கும். மிகச் சிறந்த தராசு ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் சந்தை நடக்காது. கட்டமைப்பின் இரண்டாம் பாடம் இது.

இப்போது தமிழ் கணினிக்குள் எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். மேலே விசைப்பலகை. தமிழ்99 வேண்டுமா, பழைய தட்டச்சு முறை வேண்டுமா, ஆங்கில ஒலி வழியே எழுத வேண்டுமா, அது அவரவர் விருப்பம். எந்த வழியில் எழுதினாலும் நடுவில் பதிவது ஒரே யூனிகோடு எண்தான். அடியில் எழுத்துரு; அதில் எந்த வடிவத்தையும் தேர்ந்துகொள்ளலாம். 'கொ' என்று எழுதும்போது நடுவில் பதிவது முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்னும் வரிசைதான். ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைப்பது தோற்றத்தைக் கவனிக்கும் அடுக்கின் வேலை.

இந்தப் பிரிவினையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நம் தாத்தா காலத்தில் 'னை' என்பதை யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு வைத்து எழுதினார்கள். பெரியார் 1935இல் தம் இதழில் எளிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அவ்வகைச் சீர்திருத்தத்தை ஏற்றது. பழைய முறையில் செய்த எழுத்துருவானால் அந்தத் தும்பிக்கை வடிவத்துக்குத் தனி எண் வேண்டும். இன்று அது தேவையில்லை. தாத்தாவுக்குப் பழைய வடிவம் காட்டும் எழுத்துரு, பேரனுக்குப் புதிய வடிவம் காட்டும் எழுத்துரு. நடுவில் இருக்கும் எண்கள் இருவருக்கும் ஒன்றே. ரிட்லி சொன்னபடி, மேற்பட்டையைச் சீவலாம், உயிர்ப்படலம் காயப்படாது.

உடன்பாடு அமைந்த பிறகு முன்னேற்றம் விரைந்தது. 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதைச் செய்தவரும் முத்து நெடுமாறன்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகத் தொழிலாளர்கள் தம் கைப்பேசியில் வீட்டுக்குத் தமிழில் எழுதுகிறார்கள். அனுப்புகிறவரின் கைப்பேசி ஒரு நிறுவனத்தினுடையது. ஊரில் மனைவியின் கைப்பேசி வேறொரு நிறுவனத்தினுடையது. எழுத்து சிதையாமல் போய்ச் சேருகிறது. கடிதம் எழுதவும் படிக்கவும் இன்னொருவரின் தயவை நாடிய தலைமுறை நம் லயங்களில் இருந்தது. இந்த மாற்றத்தின் அருமை நமக்கு நன்றாகத் தெரியும்.

இணைய முகவரிகளின் கதையும் இத்தகையதே. 1983இல் வகுக்கப்பட்ட முகவரி முறையில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றையே பயன்படுத்த முடிந்தது. உலகம் முழுவதும் அது பரவிவிட்டதால் பிடுங்கி எறிய இயலாது. 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர், பிற மொழிகளில் முகவரி எழுதும் வழியை உருவாக்கிக் காட்டினர். பின்னர் உலக அளவில் ஏற்கப்பட்ட முறையில், தமிழில் எழுதும் முகவரியை மேலடுக்கு பழைய அமைப்புக்குப் புரியும் எழுத்துகளாக மாற்றித் தருகிறது. கீழே இருப்பது பழையபடியே இயங்குகிறது. 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கு உலக இணையத்தில் இடம் கிடைத்தது. ஓடுகிற ஒன்றை உடைக்காமல் அதன் மேல் புதியதைக் கட்ட வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

உடன்பாடு இல்லாத காலத்தில் எழுதியவை என்ன ஆயின? மாற்றி எழுதும் மென்பொருள்கள் வந்ததால் பல காப்பாற்றப்பட்டன. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் திஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் வழங்கியது. சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையான 50 ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கும் பணியை அருண் மகிழ்நன் முதலிய தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து செய்து, 2015இல் பொதுமக்களுக்கு வழங்கினர். இப்படி மாற்றுவதற்கு ஆள் இல்லாமல் பழைய வட்டுகளில் கிடக்கும் எழுத்துகளோ திறக்க முடியாத பெட்டியாகிவிடுகின்றன.

நேயர்களே, இதனால் நாம் அறிய வேண்டியது என்ன? உங்கள் பிள்ளையின் பெயரோ திருமண அழைப்போ அச்சாகி வரும்போது, கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி ஓரிடமாகச் சிதறியிருப்பதைக் காணலாம். அதைப் பார்த்துத் தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே குறை தமிழில் இல்லை; ஏதோ ஓர் அடுக்கு சரியாகப் பொருத்தப்படவில்லை. சரியாக அச்சிட்டுத் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோயில் திருப்பணிக் கணக்கு, சங்கக் குறிப்பேடு, பள்ளி மலர், பெரியவர்கள் சொல்லிய குடும்பக் கதை ஆகியவற்றைக் கணினியில் ஏற்றும்போது யூனிகோடில் ஏற்றுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பவற்றை, அது தெரிந்தவர்கள் இருக்கும்போதே மாற்றி வையுங்கள்.

கணினி படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நல்ல கட்டளைகளை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்; அத்துடன் பிறரோடு உட்கார்ந்து பேசி உடன்பாடு காணவும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழுக்குக் கணினியில் கிடைத்த வீடு ஒருவர் கட்டியதன்று. தம் எழுத்துருவே உயர்ந்தது என்ற பிடிவாதத்தைச் சற்றுத் தளர்த்தி, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த ஆசிரியரும் எழுத்தாளரும் பொறியாளரும் சேர்ந்து கட்டிய வீடு அது. அதற்கு இன்னும் அறைகள் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகளும் வர வேண்டும்.